பீர் பேச ஆங்கிலம்: எந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

பீரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது ஸ்ட்ராங், ஹெவி, டார்க், பிட்டர் என்ற நான்கு எளிய சொற்களில்தான். கறுப்பாக இருந்தாலும் ஸ்ட்ராங், கசந்தாலும் ஸ்ட்ராங், இரண்டு மடக்கில் வயிறு நிறைந்தாலும் ஸ்ட்ராங் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் இந்த நான்கும் நான்கு வேறு விஷயங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னால் நீங்கள் நினைக்காத பீர்தான் மேசைக்கு வரும்.

ஸ்ட்ராங் என்றால் ஆல்கஹால் அளவு, அவ்வளவுதான். லேபிளில் ஏபிவி என்று போட்டிருப்பது அதைத்தான்: நூறு மில்லி பீரில் எத்தனை மில்லி ஆல்கஹால் என்ற கணக்கு. 4 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் அதை செஷன் பீர் என்பார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்கத் தோதானது என்று பொருள். 7 சதவீதத்தைத் தாண்டினால் தயங்காமல் ஸ்ட்ராங் என்று சொல்லலாம்.

டார்க் என்பது நிறம் மட்டுமே. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். கறுப்பு நிறம் நன்றாக வறுத்த மால்ட்டிலிருந்தோ வறுத்த பார்லியிலிருந்தோ வருகிறது. மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஆல்கஹாலோ நொதிக்கும் சர்க்கரையிலிருந்து வருவது. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பான கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், பொன்னிறத்தில் பளபளக்கும் பெல்ஜிய ட்ரிபெல் வகை 8, 9 சதவீதம் வரை போகும்.

ஹெவி என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் புழங்கும் சரியான சொல் ஃபுல்-பாடீட். ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் பீரில் தங்கிவிடும்போது நாக்கில் ஒரு கனம் தெரியும்; அதுதான் பாடி. அது குறைந்தால் லைட்-பாடீட். குறைந்தது குறையாகப்பட்டால் தின், வாட்டரி. ஸ்காட்லாந்தில் போய் ஹெவி என்று கேட்டால் கதை வேறு; அங்கே அது ஒரு பீர் வகையின் பெயர்.

பிட்டர் என்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ தரும் கசப்பு. ஆனால் இங்கிலாந்தில் அதுவும் ஒரு வகையின் பெயர்தான். ‘எ பைன்ட் ஆஃப் பிட்டர், ப்ளீஸ்’ என்று யாராவது கேட்டால் கசப்பாக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. செம்பழுப்பு நிறத்தில் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும் அந்த ஊர் ஏல் வகை பீர் ஒன்றைக் கேட்கிறார். பக்கத்திலேயே மைல்ட் என்ற வகையும் இருக்கும். ஹாப்ஸ் குறைவு என்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் கருத்த நிறத்தில்தான் வரும்.

இதற்கெல்லாம் எதிர்ச்சொல்லாக லைட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அமெரிக்காவில் லைட் பீர் என்றால் கலோரி குறைந்தது. ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆஸ்திரேலியாவில் லைட் என்றால் ஆல்கஹால் குறைந்தது, 3 சதவீதத்துக்கும் கீழே. அதனால் வெறும் லைட்டோடு நிறுத்தாமல் லைட் இன் கலர், லைட்-பாடீட், லோ இன் ஆல்கஹால் என்று எது வேண்டுமோ அதை முழுதாகச் சொல்லுங்கள்.

ஏல், லாகர் இரண்டுமே பீர்தான். ‘பீர் ஆர் ஏல்?’ என்ற கேள்வியில் அதனால் பொருள் இல்லை. வித்தியாசம் ஈஸ்ட்டில் இருக்கிறது. ஏல் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரியில் வேகமாக வேலை செய்து பழ வாசனைகளை விட்டுச்செல்லும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளியும். சேமித்து வைப்பது என்ற பொருள் கொண்ட ஜெர்மன் சொல்லிலிருந்துதான் லாகர் என்ற பெயரே வந்தது. பில்ஸ்னர் அந்த லாகரில் ஒரு வகை. 1842இல் பில்சன் நகரில் யோசஃப் க்ரோல் காய்ச்சியது அதன் தொடக்கம். கறுத்த போர்ட்டர், ஸ்டவுட், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), கோதுமை பீர் எல்லாம் பெரும்பாலும் ஏல் பக்கம்.

<b>வாயில் வர வேண்டிய விதம்</b>

எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் பல இடங்களில் வழுக்கும். குழாயிலிருந்து ஊற்றித் தரும் பீரைக் குறிக்கும் டிராஃப்ட் என்ற சொல்லை பிரிட்டனில் எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் வரும். அமெரிக்கர்கள் எஃப் போட்டு எழுதுவார்கள். இரண்டையும் ‘ஃப்ட்’ என்றே முடிக்க வேண்டும். ‘டிரவுட்’ என்று சொன்னால் வறட்சி என்று ஆகிவிடும். பைன்ட் என்பதில் ‘ஐ’ ஒலி உண்டு, பின்ட் இல்லை. காய்ச்சி இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை எழுதும்போது ‘வோர்ட்’ போலத் தெரியும், சொல்லும்போது ‘வெர்ட்’. ஜெர்மன் பெயர்களில் டபிள்யூ எழுத்துக்கு ‘வ’ ஒலியும் இசட் எழுத்துக்கு ‘ட்ஸ’ ஒலியும் உண்டு; ஆகவே அவர்களுடைய கோதுமை பீரின் பெயர் ஹேஃபவைட்சன். பிரெஞ்சு வழி வந்த செஸோன் வகையை ‘சைசன்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

இலக்கணத்தில் ஒரே ஒரு சிக்கல். பீர் என்ற பொருள் எண்ண முடியாதது: சம் பீர், எ லாட் ஆஃப் பீர். கோப்பைக் கணக்கிலோ வகைக் கணக்கிலோ பேசும்போது அதுவே எண்ணக்கூடியதாகிவிடும்: டூ பீர்ஸ், த்ரீ பெல்ஜியன் பீர்ஸ். ஹாப்ஸ் பெரும்பாலும் பன்மையில்தான் வரும். மால்ட், ஈஸ்ட் ஒருமையில்.

<b>கேட்டு வாங்கும்போது</b>

அளவு முதலில், பெயர் பின்னால்: ‘எ பைன்ட் ஆஃப்…’, ‘எ ஹாஃப் ஆஃப்…’, ‘எ பாட்டில் ஆஃப்…’. ‘ஐ வான்ட்’ என்று தொடங்கினால் அதட்டுவது போல் காதில் விழும். ‘ஐ’ல் ஹேவ் எ பைன்ட் ஆஃப் லாகர், ப்ளீஸ்’, அல்லது ‘குட் ஐ ஹேவ்…’ என்று ஆரம்பிப்பதே வழக்கம். குழாயில் என்னென்ன ஓடுகிறது என்று தெரிய ‘வாட் ஹேவ் யூ காட் ஆன் டேப்?’ என்று கேளுங்கள். ருசி பார்த்துவிட்டு முடிவு செய்ய ‘குட் ஐ ட்ரை எ டேஸ்டர் ஆஃப் தட்?’ போதும். சிறு கோப்பைகளில் நான்கைந்து வகைகளைத் தட்டில் வைத்துத் தருவது ஃப்ளைட்.

பைன்ட் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. பிரிட்டனில் ஒரு ஹாஃப் என்றால் 284 மில்லி. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான இடங்களில் ஸ்கூனர் 425 மில்லி. தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் ஸ்கூனர் 285 மில்லிக்கு இறங்கி, 425 மில்லிக்கு பைன்ட் என்று பெயர் வந்துவிடும். முழு 570 மில்லி வேண்டுமென்றால் அங்கே இம்பீரியல் பைன்ட் என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனில் லெமனேட் என்பது நிறமற்ற இனிப்புச் சோடா. அதைப் பீரோடு கலந்தால் ஷேண்டி. லாகரின் மேல் கொஞ்சமாக ஊற்றினால் லாகர் டாப். நண்பர்கள் முறைவைத்து எல்லாருக்கும் வாங்குவது ரவுண்டு. ‘இட்ஸ் மை ரவுண்டு’ என்றால் இந்த முறை காசு என்னுடையது என்று அர்த்தம். மற்றவர்கள் வாங்கியதைக் குடித்துவிட்டு இதைச் சொல்லாமல் நழுவுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. முன்பு வாங்கியதையே திரும்பக் கேட்க ‘சேம் அகெய்ன், ப்ளீஸ்’. நுரை அதிகமாகி பீர் குறைவாக வந்தால் ‘குட் யூ டாப் தட் அப், ப்ளீஸ்?’ என்று கேட்பதில் தவறே இல்லை. கடை மூடும் முன் வரும் கடைசி அழைப்பு பிரிட்டனில் லாஸ்ட் ஆர்டர்ஸ், அமெரிக்காவில் லாஸ்ட் கால்.

பிரிட்டனின் காஸ்க் ஏலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு ஏற்றாமல், கைப்பம்பால் இழுத்துப் பரிமாறப்படும் பீர் அது. ரியல் ஏல் என்ற பெயரும் உண்டு. அதைக் காப்பாற்றவே கேம்ரா என்ற அமைப்பு 1971இல் தொடங்கியது. 11 முதல் 13 டிகிரியில், மெல்லிய வாயுவோடு வருவதுதான் அதன் முறை. முதல்முறை குடிப்பவர்கள் வார்ம், ஃப்ளாட் என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே குறை சொல்லும் சொற்கள். இருக்கும் நிலையை இருக்கிறபடி சொல்ல செல்லர் டெம்பரேச்சர், சாஃப்ட் கார்பனேஷன் என்ற சொற்கள் இருக்கின்றன. உண்மையிலேயே வாயு செத்துப்போன பீருக்கு ஃப்ளாட்டை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

<b>கண், மூக்கு, நாக்கு</b>

ருசியைப் பற்றிப் பேச நூறு அடைமொழி மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. நைஸ், ஸ்மூத், டேஸ்டி என்பவை எதையும் சொல்லாத சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தப் புலனுக்கு உரியது, அந்தக் குணம் பீருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இருபது சொற்களை வைத்துக்கொண்டே துல்லியமாகப் பேசலாம்.

கண்ணுக்கு: தெளிவாக இருந்தால் கிளியர் அல்லது பிரைட். லேசாக மங்கினால் ஹேசி, அடர்த்தியாகக் கலங்கினால் கிளவுடி. மர்க்கி என்பது முகம் சுளித்துச் சொல்வது. நிறம் வெளிறியதிலிருந்து கருமை வரை ஸ்ட்ரா, கோல்ட், ஆம்பர், காப்பர், பிரவுன், பிளாக் என்று போகும். மேலே நிற்கும் நுரை ஹெட். அது நிலைப்பது ஹெட் ரிடென்ஷன். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டி நிற்பது லேசிங். நுரை சட்டென்று அடங்கினால் பீரைத் திட்டுவதற்கு முன் கோப்பையைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். கண்ணாடியின் உள்சுவரில் வாயுக் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் கோப்பை அழுக்கு. காலிக் கோப்பையில் தண்ணீரைச் சுழற்றிக் கொட்டினாலும் தெரியும்: ஒரே படலமாக வழிந்தால் பீர்-கிளீன், துளித்துளியாகப் பிரிந்து நின்றால் பிசுக்கு இருக்கிறது.

மூக்குக்கும் நாக்குக்கும் இடையில் அதிகம் குழப்பப்படுவது, ஹாப்ஸ் மணம் தூக்கலானது என்று பொருள்படும் ஹாப்பி என்ற சொல். ஹாப்பி வேறு, பிட்டர் வேறு. ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாற நீண்ட கொதி வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம். அதே ஒரு மணி நேரத்தில் ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். அதனால் கசப்புக்கு ஆரம்பத்தில் போடுகிறார்கள். மணத்துக்குக் கொதி முடியும்போதோ, நொதித்தல் நடக்கும்போதோ முடிந்த பிறகோ போடுகிறார்கள். கொதித்து ஆறிய பிறகு போடுவது டிரை-ஹாப்பிங். எலுமிச்சை, மாம்பழம், பைன் மர வாசனை மூக்கைத் துளைக்கும் ஒரு ஹேசி ஐபிஏ கசப்பே இல்லாமல் இருக்கலாம். அதற்கு ஹாப்பி, பட் நாட் வெரி பிட்டர் என்று சொல்வதே சரி. லேபிளில் உள்ள ஐபியு எண் கசப்புப் பொருளின் அளவைத் தரும்: ஏறத்தாழ ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்று. ஆனால் 60 ஐபியு உள்ள கனமான ஸ்டவுட், 40 ஐபியு உள்ள பில்ஸ்னரை விடக் கசப்பு குறைவாகத் தோன்றக்கூடும். மால்ட் இனிப்பு கசப்பை மூடிவிடும். அந்த உறவைச் சொல்லும் சொல் பேலன்ஸ்.

மால்ட்டி என்றால் இனிப்பு என்று அர்த்தமில்லை. ரொட்டி, பிஸ்கட், கேரமல், வறுத்த காபி என்று தானியத்திலிருந்து வரும் மணங்கள் அனைத்தும் அதில் அடங்கும். இனிப்புக்கு எதிர்ச்சொல் டிரை. சர்க்கரை எவ்வளவு தீர்ந்தது என்பதை வைத்து அது தீர்மானமாகிறது. காய்ச்சுபவர்கள் இதைக் கிராவிட்டியில், அதாவது தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தியில், சொல்வார்கள்: நொதிக்கும் முன் 1.050, முடிந்ததும் 1.010 என்றால் வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்க, 5.25 சதவீதம் ஆல்கஹால். அதே வெர்ட் 1.020இல் நின்றுவிட்டால் சுமார் 3.9 சதவீதம்தான், சர்க்கரை மிச்சம், நாக்கில் கனம். இதைத் தீர்மானிப்பதில் மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. 63, 64 டிகிரியில் டிரை பீர். 68, 69 டிகிரியில் ஃபுல்-பாடீட்.

கிரிஸ்ப் என்பது டிரையும் துறுதுறுவென்ற வாயுவும் சட்டென்று முடியும் ருசியும் சேர்ந்தது. கிளீன் என்றால் ஈஸ்ட் தரும் பழ, மசாலா வாசனைகள் இல்லாதது. விழுங்கிய பிறகு தங்குவது ஃபினிஷ்: இட் ஃபினிஷஸ் டிரை, எ லாங் பிட்டர் ஃபினிஷ். வாயில் படும் உணர்வு மவுத்ஃபீல். நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் க்ரீமி, வாயு அதிகமான கோதுமை பீர் ஸ்ப்ரிட்சி.

புளிப்புக்கு சவர், இதமான புளிப்புக்கு டார்ட். அஸ்ட்ரின்ஜென்ட் என்ற சொல்லை ஆங்கிலம் பேசுபவர்களே கசப்போடு குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். அது துவர்ப்பு, அறுசுவையில் தனி இடம் உள்ளது. அதிக நேரம் ஊறிய தேயிலைச் சாற்றில் நாக்கு வறண்டு சுருங்குமே, அதுதான். பீரில் அது வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தானிய உமி: மால்ட்டை அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டி, அமிலத்தன்மையும் குறைந்து பிஎச் 6க்கு மேல் போனால் உமியிலிருந்து டானின் இறங்கிவிடும்.

<b>கெட்டுப்போனதைச் சொல்ல</b>

நல்ல பீரைப் புகழ நான்கு சொல் போதும். கெட்டதைச் சுட்டத்தான் துல்லியம் தேவை. பொதுவான சொல் ஆஃப்: ‘ஐ திங்க் திஸ் ஒன்ஸ் ஆஃப். குட் யூ செக் இட்?’ என்று சொன்னால் மரியாதையாகவும் இருக்கும், வேலையும் நடக்கும். ‘ஐ டோன்ட் லைக் இட்’ என்றால் அது உங்கள் விருப்பம் சார்ந்ததாகிவிடும், யாரும் மாற்றித்தர வேண்டியதில்லை. கார்க்ட் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள், அது வைனுக்கு.

ஸ்கங்கி என்பது அதிகம் தவறாகப் பயன்படும் சொல். பழசான, சூட்டில் கிடந்த எல்லா பீரையும் ஸ்கங்கி என்கிறார்கள். ஸ்கங்கி ஆவதற்குக் காரணம் ஒளி மட்டுமே. நீல ஒளியும் புறஊதாவும் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைக்க, அது கந்தகத்தோடு சேர்ந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தை ஒத்த நாற்றமாகிறது. துறைச் சொல் லைட்ஸ்ட்ரக். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் தடுக்காது; வெயிலில் நிமிடக்கணக்கிலேயே வேலை முடிந்துவிடும். ஒரே பீரில் இரண்டு பச்சை பாட்டில் வாங்கி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் ஒரு மணி நேரம் வைத்து, இரண்டையும் குளிரவைத்து முகர்ந்து பாருங்கள். இந்தச் சொல் அதற்குப் பிறகு மறக்காது. டின் பீர் ஸ்கங்கி ஆக வழியே இல்லை.

சூட்டாலும் வயதாலும் வருவது வேறு வாசனை: நனைந்த அட்டை. பேப்பரி, கார்ட்போர்டி, ஸ்டேல் என்பவை அதற்கான சொற்கள்; ஆக்சிடைஸ்ட் என்பது காரணத்தைச் சொல்லும் சொல். வெண்ணெய் வாசனையும் வழுவழுப்பும் வந்தால் பட்டரி. டயசிட்டைல் என்ற பொருள் அது. லாகரை நொதித்தல் முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் 16, 18 டிகிரிக்கு ஏற்றி வைத்தால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். அவசரப்பட்டு குளிரவைத்தால் தங்கிவிடும். கழுவாத குழாயில் வளரும் பாக்டீரியாவாலும் அது வரும். அந்தச் சமயத்தில் ‘வென் வேர் த லைன்ஸ் லாஸ்ட் கிளீன்ட்?’ என்ற கேள்வி நியாயமானது. வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் அது டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள். கொதி போதாமலோ, மூடி போட்டுக் கொதிக்கவைத்தாலோ வரும். பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைட் என்ற பொருள். முதிராத பீர், அதனால் கிரீன் பீர் என்றும் சொல்வார்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை மெடிசினல். குளோரின் நீக்காத தண்ணீரில் காய்ச்சினால் வருவது. வினிகர் நெடி இன்ஃபெக்டட்.

குறை சொல்வதற்கு முன் அது என்ன வகை என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஹேஃபவைட்சனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கத்தான் வேண்டும். முதலாவது எஸ்டரி, இரண்டாவது ஃபினாலிக். அதே கிராம்பு பில்ஸ்னரில் வந்தால் ஏதோ காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது. லேசான வெண்ணெய் வாசனை சில செக் லாகர்களிலும் பிரிட்டிஷ் பிட்டர்களிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதே. லாம்பிக் என்ற பெல்ஜியப் புளிப்பு பீர் புளிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

லேபிளில் பாட்டில்ட் ஆன் என்றால் அடைத்த தேதி. பெஸ்ட் பிஃபோர் என்றால் அதுவரை தரம் குறையாது என்று தயாரிப்பாளர் கணக்கிட்ட தேதி. ஹாப்பி பீருக்கு முதல் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மணம் முதலில் போவது அதில்தான். பாட்டில்-கண்டிஷன்ட் என்றிருந்தால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். குலுக்காமல் சாய்த்து ஊற்றி, கடைசி விரலளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

ஆல்கஹாலே கூடாது என்பவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் ஆல்கஹால்-ஃப்ரீ என்ற பெயருக்கு வழிகாட்டு வரம்பு 0.05 சதவீதம், லோ-ஆல்கஹால் 1.2 சதவீதம் வரை. அமெரிக்காவில் நான்-ஆல்கஹாலிக் என்று போட்டிருப்பதில் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருக்கலாம். ஜெர்மனியிலிருந்து வரும் ஆல்கஹால்-ஃப்ரீ வகைகளிலும் 0.5 வரை உண்டு. மருந்துக்காகவோ நம்பிக்கைக்காகவோ முழுதாகத் தவிர்ப்பவர் பெயரை நம்பாமல் ‘இஸ் இட் ஸீரோ பாயின்ட் ஸீரோ, ஆர் பாயின்ட் ஃபைவ்?’ என்று எண்ணைக் கேட்டுவிட வேண்டும்.